பொஸ்ரன் நூதனசாலையும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும்

கொழும்பு நூதனசாலையிலே, பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட சைவப் படிமங்களின் முன்னே சற்று நேரம் ஒதுங்கி நிற்பவர் இருவகை மனிதரைக் காண்பர். ஒருவர் பெயர்ப்பலகையை வாசித்து, நூற்றாண்டு இன்னது, உலோகம் இன்னது என்று மனத்திற் பதித்துக்கொண்டு அடுத்த பொருளுக்கு நகர்வார். மற்றவரோ கைகூப்பலாமா கூடாதா என்று ஒருகணம் தயங்குவார். அயலில் யாரும் இல்லையெனக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, ஏதோ குற்றஞ் செய்தவர்போல விரைந்து போவார். இவ்விருவருள் அப்படிமத்தை உள்ளபடி கண்டவர் யார்?

இவ்வினாவைக் கடல்கடந்த ஒரு நகரத்திலே, உலகின் பெரிய கலைக்கூடங்களுள் ஒன்றிலே, முப்பது ஆண்டுகள் இருந்து ஆராய்ந்தவர் நம் நாட்டிற் பிறந்த ஒரு பெரியார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயரை நம் இளைஞர் அறிவர். ஆனால் அவர் அமர்ந்து பணிபுரிந்த பொஸ்ரன் நகர் நுண்கலை நூதனசாலையின் சரித்திரத்தை அறிந்தவர் மிகச் சிலரே. அச்சரித்திரத்தை அறியாதவர்க்கு அவர் அங்கே செய்த காரியத்தின் அருமை விளங்காது. ஆதலின் நூதனசாலையிலிருந்தே தொடங்குகின்றோம்.

பொஸ்ரன் என்பது ஐக்கிய அமெரிக்க நாட்டின் கீழ்க்கரையிலுள்ள பழைய துறைமுக நகரம். அங்குள்ள வணிகர் கீழ்த்திசை நாடுகளோடு கப்பல் வாணிகம் செய்து பொருள் ஈட்டியவர்கள். கல்வியிலும் அவர்களுக்கு அபிமானம் மிகுதி. நகரத்திலே அதீனியம் என்னும் பெயர்கொண்ட பழைய நூல்நிலையம் ஒன்றிருந்தது. அதன் மேல்மாடியிற் சித்திரங்களும் சிலைகளும் வைக்கப்பட்டிருந்தன, இடம் போதவில்லை. அயலிலுள்ள ஹாவாட் சர்வகலாசாலையிடம் அச்சுச் சித்திரத் தொகுதி ஒன்று இருந்தது; அதனை வைக்கவும் தகுந்த இடமில்லை. தொழில்நுட்பக் கல்லூரியிடம் கட்டடக்கலை மாணவருக்கென வார்க்கப்பட்ட மாதிரிகள் இருந்தன. அவற்றுக்கும் அதே கதி. இம்மூன்று தாபனங்களும் ஒன்றுகூடியதன் பயனாக 1870-ம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நூதனசாலை சட்டப்படி நிறுவப்பட்டது. நகரசபை நிலம் கொடுத்தது. கட்டடச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள்.

இடையில் ஒரு விபத்து நேர்ந்தது. 1872-ம் ஆண்டு நவம்பரில் பொஸ்ரன் நகரின் நடுப்பாகத்தைப் பெருந்தீ அழித்தது. அதீனியத்துக்கு ஒருவர் மரணசாசனத்தால் விட்டுச்சென்ற பழைய போர்க்கவசங்களும் ஆயுதங்களும் ஒரு பண்டசாலையில் வைக்கப்பட்டிருந்தன. அவை யாவும் அத்தீயில் மாண்டன. பொருளைச் சேர்த்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு வீடும் வேண்டும் என்பதை நகரத்தவர் இவ்வாறு நட்டப்பட்டே கற்றுக்கொண்டார்கள்.

1876-ம் ஆண்டு யூலை மாதம் 4-ந் திகதி, அமெரிக்கா சுதந்திரம் பெற்று நூறாண்டு நிறைந்த அதே நாளில், புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அப்பொழுது அதன் ஒரு பகுதியே முடிந்திருந்தது. கடலோரச் சதுப்பை மண்ணிட்டு நிரப்பி உண்டாக்கிய நிலத்திலே, செங்கல்லும் சுட்டகளிமண் அலங்காரமும் கொண்டு எழுப்பிய மாளிகை அது. அதற்கு ஆறு மாதங்களுக்குப் பின், 1877-ம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, தேசாதிபதி கிறெகறியின் முயற்சியாற் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. அதே 1877-ம் ஆண்டு ஓகஸ்ட் 22-ந் திகதி கொழும்பிலே ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். இந்த ஆண்டுகளின் ஒற்றுமையிலே விசேடப் பொருள் எதனையும் நாம் ஏற்ற விரும்பவில்லை. ஞாபகத்தில் வைத்துக்கொள்வதற்கு இலேசாயிருக்கும் என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

திறந்த புதிதில் அம்மாளிகைக்குள் நுழைந்தவர் எதனைக் கண்டார்? பெரும்பாலும் வெண்ணிறச் சுண்ணச்சாந்துச் சிலைகளையே கண்டார். கிரேக்க நாட்டுச் சிற்பங்கள், உரோமாபுரிச் சிற்பங்கள், மறுமலர்ச்சிக் காலத்துச் சிற்பங்கள் ஆகியவற்றின் மீது அச்செடுத்து வார்த்த பிரதிகள் அவை. இன்று இதனைக் கேட்போர் நகைக்கலாம். ஆனால் அக்காலத்து அமெரிக்கருள் ஏதென்சுக்கோ உரோமாபுரிக்கோ போய்வரக்கூடியவர் எத்தனை பேர்? மூலச்சிலை கிடையாத இடத்திலே நல்ல பிரதியைக் கொண்டு கலையைக் கற்பிக்கலாம் என்பது அன்றைய அறிஞரின் நேர்மையான நம்பிக்கை. வார்ப்புத் தொகுதியை உலகின் மிகச் சிறந்த தொகுதிகளுள் ஒன்றாக்கவேண்டுமென்று அவர்கள் பாடுபட்டார்கள்.

காலம் செல்லச் செல்ல மூலப்பொருள்கள் வரத் தொடங்கின. இங்கிலாந்திலே வாழ்ந்த பொஸ்ரன் செல்வர் எட்வேட் பெரி வொறன் என்பவர் கிரேக்க உரோமச் சிற்பங்களையும் மட்கலங்களையும் தேடித் தேடி வாங்கி அனுப்பினார். இவை வந்து சேர்ந்ததும் ஒரு வழக்கு மூண்டது. நூதனசாலை பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்துக்குப் பெயரவேண்டிய காலம் அது. புதிய மாளிகையில் வார்ப்புகளுக்கு இடம் உண்டா, இல்லையா? நெறியாளர் எட்வேட் றொபின்சன், உண்டென்றார். வொறனிடம் பழகி அங்கு வந்த மத்தியூ பிரிச்சாட் என்ற உதவி அதிகாரி, இல்லையென்றார். வார்ப்பு பள்ளிக்கூடத்துக்குரிய கருவி, மூலமோ மனத்தைத் தீண்டுவது. இரண்டையும் அருகருகே வைத்தல் ஆகாது என்பது பிரிச்சாட் கட்சியின் வாதம். தருமகர்த்தாக்களும் பிளவுபட்டார்கள். 1905-ம் ஆண்டில் றொபின்சன் பதவியை விட்டு விலகி, நியூயோர்க் நகர்ப் பெருநூதனசாலைக்குப் போனார். சில காலத்திற் பிரிச்சாட்டும் விலகினார். ஆனால் அவர் கட்சியே வென்றது. 1909-ம் ஆண்டு நவம்பரில், கை லோவல் என்ற சிற்பாசாரியார் வகுத்த கருங்கல் மாளிகை ஹன்ரிங்டன் வீதியிலே திறக்கப்பட்டபொழுது, அதன் பிரதான கூடங்களில் வார்ப்புகளுக்கு இடமிருக்கவில்லை.

இவ்வழக்கை நாம் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. 'பிரதியா, மூலமா' என்ற கேள்வியோடு நூதனசாலையின் கடமை முடிந்துவிடுவதாகவே அன்று பலர் எண்ணினர். மூலத்தைக் கொணர்ந்து, நல்ல ஒளிபடும் இடத்தில் வைத்து, பார்ப்பவன் இரசித்தால் எல்லாம் நிறைவேறியது. அந்த மூலம் எதற்காக உண்டாக்கப்பட்டது என்ற அடுத்த கேள்வி அவர்களுக்குத் தோன்றவில்லை. அக்கேள்வி கீழ்த்திசையிலிருந்தே வரவேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு சிறு செய்தி. அந்நூதனசாலையின் காரியதரிசி பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி செய்தார். ஒரு மனிதரை அழைத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளவற்றைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிவதையும், மண்டியிடுவதையும், கழுத்தை நீட்டுவதையும் புகைப்படம் எடுத்தார். நூதனசாலைக்குப் போனவர் கால்கடுத்துக் களைத்துத் திரும்புவதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமை அன்று. பொருள்களை வைத்த முறையே என்று 1916-ம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். வருவோருக்குப் பொருள்களைக் கூட்டிச்சென்று விளக்குபவர்க்கு 'டோசன்ற்' என்று பெயரிட்டு அவ்வழக்கத்தைத் தொடக்கியதும் இவரே. இப்பெயர் இன்று அமெரிக்கா எங்கும் வழங்குகின்றது. நம்மூர் மண்டபங்களிலே முழங்காலளவு உயரத்திற் பெயர்ப்பலகை ஒட்டுவோர் கில்மனின் படங்களை ஒருமுறை பார்ப்பது நன்று.

இனி யப்பானியப் பகுதிக்கு வருவோம். பொஸ்ரன் நூதனசாலையின் உலகப் புகழுக்கு முதற்காரணம் அதுவே. யப்பானுக்கு வெளியே யப்பானியக் கலைப்பொருள்கள் இவ்வளவு சிறப்பாகத் திரண்டுள்ள இடம் வேறில்லை என்பர்.

1868-ம் ஆண்டின் அரசியல் மாற்றத்துக்குப் பின் யப்பானில் மேல்நாட்டு மோகம் தலைவிரித்தாடியது. அரசு புதிய கொள்கையாற் புத்த கோயில்களுக்குரிய ஆதரவு குன்றியது. பல விகாரைகள் வறுமையுற்றன. பழைய படிமங்களும் சித்திரச்சுருள்களும் அற்ப விலைக்குக் கடைத்தெருவுக்கு வந்தன. இவ்வேளையில் பொஸ்ரன் பகுதியிலிருந்து மூவர் அங்கு சென்றனர். ஒருவர் எட்வேட் மோர்ஸ். சிப்பி வகைகளை ஆராயப் போனவர். மட்பாண்டங்களில் மனத்தைப் பறிகொடுத்தார். அவர் சேர்த்த ஏறக்குறைய 5,000 மட்கலங்களை நூதனசாலை 1892-ம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. இரண்டாமவர் ஏணஸ்ற் பெனொலோசா. 1878-ம் ஆண்டில் தோக்கியோ சர்வகலாசாலைக்குத் தத்துவம் கற்பிக்கப் போன இளைஞர். அவர் திரட்டிய சித்திரங்களை வெல்ட் என்ற பொஸ்ரன் செல்வர் வாங்கி, பொஸ்ரன் நூதனசாலையிலேயே அவை இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றார். மூன்றாமவர் வில்லியம் ஸ்ரேஜிஸ் பிகலோ. வைத்தியர் குலத்தில் வந்த வைத்தியர். தொழிலில் மனம் ஒன்றாமல் 1882-ம் ஆண்டில் மோர்சுடன் யப்பான் சென்று, ஏழாண்டு அங்கேயே தங்கி, பல்லாயிரம் பொருள்களைச் சேர்த்து நூதனசாலைக்கு ஈந்தார்.

பிகலோ பொருளைச் சேர்த்ததோடு நில்லாமல் அப்பொருளைப் பிறப்பித்த சமயத்தையும் தழுவினார். குருவை அடைந்து தீட்சை பெற்றார். 1926-ம் ஆண்டில் அவர் காலமானபின் அவருடைய அஸ்தியில் ஒரு பாதி பொஸ்ரன் அருகேயுள்ள இடுகாட்டிலும், மறுபாதி யப்பானிலே பீவா ஏரிக்கரை விகாரை ஒன்றின் வளவிலும் அடக்கம் செய்யப்பட்டன. சேகரிப்போர் பலரைப் பற்றி நாம் வாசித்திருக்கிறோம். தாம் சேர்த்த பொருளுக்கே இவ்வாறு ஆட்பட்டவர் அரியர்.

பெனொலோசாவுக்குத் துணையாயிருந்த யப்பானிய மாணவர் ஒருவர் பின்னர் ஆசிரியரையும் விஞ்சினார். அவர் ஒகாகுரா காகுசோ. 1884-ம் ஆண்டில் இவ்விருவரும் ஹோரியூஜி என்னும் பழம்பெரும் விகாரையிலே, நெடுங்காலம் திறவாது பூட்டிக்கிடந்த ஒரு சந்நிதியைத் திறப்பித்தனர். திறந்தால் தெய்வகோபம் வந்து கோயில் இடியும் என்று பிக்குகள் அஞ்சினார்களாம். உள்ளே துணியாற் சுற்றப்பட்டிருந்த படிமத்தின் மீது ஏறத்தாழ 500 யார் நீளத் துணி இருந்ததென்று பெனொலோசா எழுதிவைத்தார். அவிழ்த்ததும் பொன்பூசிய போதிசத்துவர் வடிவம் வெளிப்பட்டது. அப்படிமம் பொஸ்ரனுக்குப் போகவில்லை, அங்கேயே இருக்கின்றது. யப்பானியரின் பழஞ்செல்வம் யப்பானை விட்டு வெளியேறுவதைக் கண்டு கலங்கியவர் ஒகாகுரா. 1897-ம் ஆண்டிற் பழைய கோயில்களைப் பாதுகாக்கும் சட்டம் அந்நாட்டில் வருவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

அப்படிப்பட்டவரே 1904-ம் ஆண்டிற் பொஸ்ரனுக்கு வந்து, வெளியேறிவிட்ட பொருள்களுக்குக் காவலராகவும் ஆனார் என்பது விதியின் விளையாட்டு. அதற்கு முன் 1902-ம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்து சுவாமி விவேகானந்தரைக் கண்டவர். தாகூர் குடும்பத்தோடு நட்புக் கொண்டவர். பொஸ்ரனில் அவர் பொருள்களைப் பகுத்துப் பட்டியல் செய்தார்; போலிகளைப் பிரித்தார்; குறைந்த பகுதிகளுக்கு வேண்டியவற்றைத் தேடி வாங்குவித்தார். 1909-ம் ஆண்டு மாளிகையிலே புத்த படிமங்களுக்கென ஒரு தனி அறை அமைந்தது. மங்கிய ஒளி, மரத்தூண்கள், பீடத்தின்மேல் அமைதியாக வீற்றிருக்கும் வடிவங்கள் என விகாரையின் உட்புறம்போலவே அதனை வகுத்தார்கள். எந்த இடத்துக்காக ஒரு பொருள் பிறந்ததோ அந்த இடத்தின் நிழலையேனும் அதற்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஓர் அறையில் மாத்திரம் உருக்கொண்டது. ஒகாகுரா 1913-ம் ஆண்டிற் காலமானார்.

எகிப்தியப் பகுதியைச் சுருக்கமாகவே கூறலாம். 1905-ம் ஆண்டு முதல் ஹாவாட் சர்வகலாசாலையும் நூதனசாலையும் கூடி எகிப்திலும் அதன் தெற்கேயுள்ள நாட்டிலும் அகழ்வு நடத்தின. தலைமை வகித்தவர் ஜோர்ஜ் றைஸ்னர். கண்டெடுத்தவற்றிற் பங்கு எகிப்திய அரசுக்கு, பங்கு பொஸ்ரனுக்கு என்பது ஏற்பாடு. கீசாவில் 1910-ம் ஆண்டில் அகப்பட்ட மென்கௌரே மன்னன், அரசி ஆகியோரின் இணைச்சிலை 4,500 ஆண்டுப் பழமையுடையது. அரசி மன்னனை ஒரு கையால் அணைத்து நிற்கிறாள். இருவரும் நேரே பார்க்கின்றனர். சிலையின் கீழ்ப்பாகம் மெருகிடப்படாமல் நின்றுவிட்டது. றைஸ்னரின் பெரிய உபகாரம் சிலைகள் அல்ல. தோண்டிய ஒவ்வோர் அங்குலத்தையும் எழுதியும் படம்பிடித்தும் வைத்த ஒழுங்கே அவர் விட்டுச்சென்ற செல்வம். 1942-ம் ஆண்டிற் கீசாவிலேயே உயிர் துறந்தார்.

ஐரோப்பிய, அமெரிக்க ஓவியங்களும் அங்கே ஏராளம். மொனே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்கள் முப்பதுக்கு மேல் உள்ளன. கோகன் தகீத்தித் தீவிலிருந்து 1897-ம் ஆண்டில் தீட்டத் தொடங்கிய பெரும்படம் 1936-ம் ஆண்டில் வந்தது. எங்கிருந்து வருகின்றோம், நாம் யார், எங்கே போகின்றோம் என்ற மூன்று கேள்விகளே அப்படத்தின் பெயர். சைவசித்தாந்தம் பயின்றவர் இப்பெயரைக் கேட்டுத் திடுக்கிடமாட்டார். போல் றிவியர் என்ற தட்டார் 1768-ம் ஆண்டிற் செய்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று அமெரிக்கச் சுதந்திரப் போராட்டத்தின் சின்னமாகப் போற்றப்படுவது. 1949-ம் ஆண்டில் அதனை வாங்குவதற்குப் பொஸ்ரன் பள்ளிப் பிள்ளைகள் 700 பேரும் தங்கள் காசைக் கொடுத்தார்கள்.

இப்போது நம்மவரிடம் வருவோம்.

சேர் முத்துக்குமாரசுவாமி அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். பாளி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தையும் பெயர்த்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். அவருக்கும் ஆங்கில மாதாகிய எலிசபெத் அம்மையாருக்கும் பிறந்தவர் ஆனந்தர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தை இறந்தார். பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் மண்ணியலும் தாவரவியலும் கற்று, 1903-ம் ஆண்டளவில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவரானார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை உலகுக்கு அறிவித்தவர் அவரே. கல்லைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்கள்தோறும் திரிந்தவருடைய கண்ணிற் கல்லைவிட வேறொன்று பட்டது. தச்சர், கன்னார், ஓவியர், நெசவாளர் ஆகியோர் வழிவழியாகச் செய்துவந்த தொழில்கள் ஆதரிப்பாரின்றி அழிந்துகொண்டிருந்தன. 1905-ம் ஆண்டிற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908-ம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே, தம் மேற்பார்வையில் 425 பிரதிகள் அச்சிடுவித்தார்.

பின்பு அவர் இந்தியா எங்கும் சுற்றினார். 1910-11-ம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடந்த பொருட்காட்சியின் கலைப்பகுதியை அமைக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்நாட்களில் வடநாட்டிலே பழைய சித்திரங்களை மதிப்பார் இல்லை. இராசபுத்திர நாட்டிலும் பஞ்சாப் மலைச்சாரலிலும் வரையப்பட்ட இராதா கிருஷ்ண சித்திரங்களையும் இராகமாலைச் சித்திரங்களையும் நூற்றுக்கணக்கில் அவர் சேர்த்தார். மொகலாய அரண்மனைச் சித்திரத்தின் வேறாக இராசபுத்திரச் சித்திரம் என ஒரு மரபு உண்டென நிறுவி, 1916-ம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக நூல் வெளியிட்டார்.

சேர்த்தவற்றை விற்றுப் பொருளாக்குவது அவர் நோக்கமன்று. காசியிலே ஒரு தேசிய நூதனசாலை அமைப்பதானால் தம் தொகுதி முழுவதையும் கொடுப்பதாக இந்தியருக்குச் சொன்னார். அதற்கு வேண்டிய நிதி திரளவில்லை. நாட்டுப்பற்றைப் பற்றி மேடைதோறும் முழங்கிய காலம் அது. செல்வரும் சமஸ்தானாதிபதிகளும் நிறைந்திருந்த நாடு அது. இருந்தும் அத்தொகுதிக்கு ஒரு வீடு கட்ட ஆள் இல்லை. பொஸ்ரன் வணிகர் தீயிலே கற்ற பாடத்தை நாம் வேறுவகையிற் கற்றோம்: நம்முடையது எரியவில்லை, போய்விட்டது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. தன்னாட்சி பெறாத இந்தியாவின் மக்கள் அப்போரில் ஈடுபடலாகாது என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் இருக்கை அவருக்கு இடராயிற்று. அவ்வேளையில் ஹாவாட்டில் ஆசிரியராகவும் பொஸ்ரன் நூதனசாலையின் தருமகர்த்தாவாகவும் இருந்த டென்மன் றொஸ் என்பார், குமாரசுவாமியின் சித்திரத் தொகுதியை வாங்கி 1917-ம் ஆண்டில் நூதனசாலைக்கு அளித்தார். பொருளோடு அதனை அறிந்தவரையும் அழைத்துக்கொண்டது நூதனசாலையின் புத்திசாலித்தனம். இந்தியக் கலைக்கென ஒரு பகுதி வகுக்கப்பட்டு, அதன் காப்பாளராக அவர் அமர்ந்தார்.

றொஸ் தம் வாழ்நாளில் அந்நூதனசாலைக்கு 11,000-க்கு மேற்பட்ட பொருள்களை ஈந்தவர். அவற்றுள் நம் நெஞ்சைக் கவர்வன இரண்டு. ஒன்று சாஞ்சியிலிருந்து வந்த யட்சி. தலையும் இல்லை, கைகளும் இல்லை. உடல் மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. கல் என்று தோன்றாது. உயிர்த்து நிற்பதுபோல் இருக்கும். மற்றையது பல்லவர் காலத்துத் துர்க்கை. தமிழ்நாட்டுக் கருங்கல்லிற் செதுக்கி, எருமைத்தலைமேல் நிற்க வைத்த வடிவம். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியைப் படித்த மாணவன் அவளைப் பொஸ்ரனிலே கண்டாலும் கொற்றவை என்று அடையாளங் கண்டுகொள்வான். அப்படிமம் பற்றி 1927-ம் ஆண்டில் நூதனசாலையின் வெளியீட்டிற் குமாரசுவாமி கட்டுரை எழுதினார். நம் நாட்டிலிருந்து போன பொருள்களும் அங்கே உள. அரசிருக்கையில் அமர்ந்த அவலோகிதேசுவரரின் சின்னஞ்சிறு செப்புப் படிமம் அவற்றுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும்.

அமர்ந்த ஆண்டு முதல் அவர் செய்த வேலைகளைக் கணக்கிட்டாற் பெருமூச்சு வரும். இந்தியத் தொகுதிகளுக்கான விரிவான பட்டியலை 1923-ம் ஆண்டு தொடக்கம் 1930-ம் ஆண்டு வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். 1927-ம் ஆண்டில் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு வந்தது. 1928-ம் ஆண்டில் யட்சரைப் பற்றிய ஆராய்ச்சி வந்தது. தலையிழந்த அந்தச் சாஞ்சிப் பெண் யார், மரத்தைப் பற்றி அவள் ஏன் நின்றாள் என்று கேட்டவர்க்கு விடை அதில் உண்டு. புகைப்படத்தையும் கலையென ஏற்கவேண்டுமென வற்புறுத்தி, அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் என்ற படப்பிடிப்பாளரிடமிருந்து 27 படங்களை 1924-ம் ஆண்டில் நூதனசாலைக்கு நன்கொடையாகப் பெற்றவரும் அவரே. பழமையைப் போற்றுபவர் புதுமைக்குப் பகைவர் என்று கருதுவோர் இதனைக் கவனிக்க.

1930-ம் ஆண்டையொட்டி அவர் எழுத்தின் போக்கு மாறியது. இது எந்த நூற்றாண்டு, எந்த அரசர் காலம் என்ற ஆராய்ச்சியை விட்டு, இது எதற்காக என்ற ஆராய்ச்சியிற் புகுந்தார். இதற்கு வித்து முன்னமே விழுந்திருந்தது. சிவநடனம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912-ம் ஆண்டிற் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகையிலே தோன்றியது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களைக் கொண்டே நடராச வடிவத்தின் பொருளை அதில் விரித்தார். துடியும் அனலும் தூக்கிய திருவடியும் ஐந்தொழிலைக் குறிக்கும் என்பது நம் வீட்டுப் பெரியோர்க்குத் தெரிந்த சங்கதிதான். அதனை அறியாமல் அவ்வடிவத்தின் அழகை மட்டும் பேசியவர்க்கு, அப்பொருளே அவ்வழகின் காரணம் என்று எடுத்துக்காட்டியதே அவர் செய்த புதுமை.

1941-ம் ஆண்டில் அமெரிக்க நூதனசாலைகளின் சங்கத்தார் முன்னிலையில், கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்று வினவி அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். நூதனசாலையில் இருப்பவை ஒன்றுமே நூதனசாலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கலம் நீர் மொள்ளச் செய்யப்பட்டது. படிமம் வழிபடச் செய்யப்பட்டது. வாள் வெட்டச் செய்யப்பட்டது. பயனை அறியாதவன் அழகை மாத்திரம் சுவைக்கின்றேன் என்பது, மொழி தெரியாதவன் பாட்டின் ஓசையைக் கேட்டு மகிழ்வது போன்றது. ஆகவே நூதனசாலையின் பணி பாதுகாத்தலும் கற்பித்தலுமேயன்றிக் களிப்பூட்டுதல் அன்று. உயிரோடிருக்கும் கலைஞரின் வேலைகளை அங்கே மாட்டிவைப்பதும் அவருக்கு உடன்பாடன்று. அவற்றைச் செய்தவரிடமே போய் வாங்கி வீட்டில் வைத்துப் பயன்படுத்தலாமே என்பார். இது அவர் வாதத்தின் சாரம், சொற்கள் நம்முடையவை. நூதனசாலையிலே ஊதியம் பெற்றிருந்த ஒருவர் நூதனசாலைக்காரரிடமே இதனைச் சொன்னார். அவர்களும் இருந்து கேட்டார்கள். இருபக்கத்தையும் மெச்சவேண்டும்.

அவர் கூறிய யாவும் நமக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டோம். பொருள் அறியாமலே அழகு மனத்தைத் தொடுவதும் உண்டு. தொட்டபின் பொருளைத் தேடிப்போவதும் உண்டு. கடைத்தெருவில் மட்கலத்தைக் கண்டு மயங்கிய மோர்சும், மயக்கத்திலே தொடங்கித் தீட்சையில் முடிந்த பிகலோவும் அதற்குச் சாட்சி. ஆனால் வார்ப்புக்கும் மூலத்துக்கும் வழக்காடிய அம்மாளிகையில், அவ்விரு கட்சியாரும் கேளாத கேள்வியைக் கேட்டவர் அவர் என்பதில் ஐயமில்லை.

1947-ம் ஆண்டு ஓகஸ்ட் 15-ந் திகதி இந்தியா சுதந்திரம் பெற்றது. ஏழு நாட்களின் பின் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பொஸ்ரனில் நண்பர் கூடி விருந்தளித்தனர். பணியினின்றும் ஓய்வு பெற்று இந்தியாவுக்குத் திரும்பப்போவதாக அவர் அங்கே அறிவித்தார். செப்டெம்பர் 9-ந் திகதி, நகருக்கு அணித்தான நீடம் என்ற ஊரிலுள்ள தம் வீட்டிலே காலமானார். மலாயாவில் ஆசிரியராயிருந்த துரைராஜசிங்கம் அவ்வாண்டிலேயே அவருக்கு ஒரு பாராட்டு மலர் தொகுத்து வெளியிட்டார். பின்னும் பல ஆண்டுகள் அவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதையே தவமாகக் கொண்டிருந்தார்.

நூதனசாலை அதன்பின்னும் வளர்ந்தது. 1981-ம் ஆண்டில் மேற்குப் பகுதியும் 2010-ம் ஆண்டில் அமெரிக்கக் கலைக்கான பகுதியும் கட்டப்பட்டன. வளர்ச்சியோடு வழக்குகளும் வந்தன. பிற நாட்டுப் பொருள் எந்த வழியாக வந்தது என்று உலகம் கேட்கத் தொடங்கியது. இது முற்றிலும் புதிய கேள்வியும் அன்று. 1932-ம் ஆண்டில் நூதனசாலை பழைய யப்பானியச் சித்திரச்சுருள் ஒன்றை வாங்கியபொழுது யப்பானில் எழுந்த மனவருத்தம், அடுத்த ஆண்டே அத்தகைய பொருள்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் சட்டமாக முடிந்தது. அண்மைக்கால வழக்குகளிற் சுவையானது ஒன்று. ஏறக்கிளிஸ் என்னும் கிரேக்க வீரன் களைத்துச் சாய்ந்து நிற்கும் சிலையின் மேற்பாதி 1981-ம் ஆண்டிற் பொஸ்ரனுக்கு விலைக்கு வந்தது. கீழ்ப்பாதி துருக்கி நாட்டில் பேர்கே என்ற இடத்து அகழ்விலே 1980-ம் ஆண்டில் அகப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே சிலையா என்று அறிய, 1992-ம் ஆண்டில் இரு பாதிகளின் வார்ப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பொருந்தின. மூலங்களுக்கு இடம்விட்டு விலகிய வார்ப்பே கடைசியில் மூலத்தின் சொந்த ஊரைச் சொன்னது. 2011-ம் ஆண்டில் மேற்பாதி துருக்கிக்குத் திரும்பியது.

குமாரசுவாமியின் சித்திரங்கள் திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்று கேட்பதற்கும் நமக்கு வாயில்லை. அவை களவுபோனவை அல்ல. கொடுக்க வந்தபோது நாம் ஏற்காதவை.

கொழும்பில் முன்னர் கிறீன் பாத் எனப்பட்ட வீதி இன்று ஆனந்த குமாரசுவாமி மாவத்தை எனப் பெயர் பெற்றிருக்கின்றது. தேசிய ஓவியக்கூடம் அவ்வீதியிலேயே உள்ளது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் நூதனசாலைக்குப் போய்விடலாம். அதன் படிமங்களைப் பற்றி 1914-ம் ஆண்டில் அவர் எழுதிய நூலை நூதனசாலையே வெளியிட்டது. நாம் தொடக்கத்திற் கூறிய பொலன்னறுவைப் படிமங்கள் அந்நூலில் இடம்பெற்றவை.